யாரோட ஓரம்?

"யாரும்மா அவ?"

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவள் கேட்ட முதல் கேள்வியே இதுதான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த, போட்டோக்களை ஓவியமாக்கித் தரும் பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"எவ, மேடம்?"

"எங்க வீட்டு ஹால்ல தொங்கிக்கிட்டு இருக்காளே, அவ!"

வந்தவள் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். வராந்தாவின் இந்த முனையில் அவள் குரல் கேட்டால், அந்த முனையில் அடம்பிடிக்கும் நோயாளி மாத்திரையை விழுங்கிவிடுவான். கணவர் நூலகத்தில் வேலை பார்ப்பவர். வாயில்லாப் பூச்சி.

அந்த மனிதர்தான் போன மாதம் ஒரு பெரிய படத்தைக் கொண்டுவந்து மாட்டினார். மங்கிய நீலமும் வெளிர் ஆரஞ்சும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து கிடக்கும். உருவம் என்று எதுவும் இல்லை. ஆனாலும் வேலை முடிந்து வந்து அதன் எதிரே உட்கார்ந்தால், அவள் தலைவலி போன இடம் தெரியாது. "எங்க வீட்டுக்காரருக்குள்ளயும் ஒரு ரசனை ஒளிஞ்சிருக்கு பாருங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தாள்.

இன்று காலை வரைக்கும்.

குளியலறைக்குள்ளிருந்து அவர் போனில் கிசுகிசுத்தது அவள் காதில் விழுந்துவிட்டது. "இன்னொண்ணு வேணும்மா, படுக்கையறைக்கு. அதே போட்டோதான். முகம் மட்டும் தெரிஞ்சிடவே கூடாது. என் வீட்டுக்காரி கண்டுபிடிச்சா என் கதை கந்தல்!" படத்தின் பின்னால் ஒட்டியிருந்த முகவரியைப் பார்த்து நேரே இங்கே வந்துவிட்டாள்.

ஓவியப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஏனோ உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

"உக்காருங்க மேடம். அதுல ஆளே இல்ல. நான் போட்டோவுல இருந்து ஓரத்தை மட்டும்தான் எடுப்பேன்."

"ஓரமா?"

"ஆமா. ஒரு நிறம் முடிஞ்சு இன்னொரு நிறம் ஆரம்பிக்கிற இடம். அதை மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததை எல்லாம் அழிச்சிடுவேன். அப்புறம் ஒரு ஓரத்துக்கும் அடுத்த ஓரத்துக்கும் நடுவுல இருக்கிற காலி இடத்தை கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு நிரப்பும். இந்த நிறம் கொஞ்சம் கொஞ்சமா அந்த நிறமா மாறும். ஈரத்தாள்ல மை பரவுற மாதிரி."

"சரி, அந்த ஓரம் யாரோட ஓரம்?"

ஓவியப் பெண் பேச்சை மாற்றும் அவசரத்தில் திரையில் வேறொரு படத்தைக் கொண்டுவந்தாள். "இதைப் பாருங்க. என்னன்னு தோணுது?"

"விடியக்காலை வானம்."

"எங்க வீட்டு பிளாஸ்டிக் வாளி, மேடம்."

தலைமை நர்ஸுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அதை அப்படியே விழுங்கினாள்.

"வாளியை எவனும் பொண்டாட்டிக்குத் தெரியாம மறைக்க மாட்டான். லைப்ரரிக்கு வர்றவளா? கண்ணாடி போட்டிருப்பாளா? நான் ஒரு மடச்சி. தூசி படியுதேன்னு தினமும் நானே அவளைத் துடைச்சு துடைச்சு வெச்சேன்!"

"மேடம், யாருக்கும் காட்டமாட்டேன்னு சாருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல."

"அதான் வாக்கு, கீக்குன்னு பேசிக்கிட்டு இருக்க."

சொல்லிவிட்டுத் தலைமை நர்ஸ் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். வராந்தாவையே அதட்டும் குரல் திடீரென்று உள்ளே இறங்கிவிட்டது.

"கல்யாண ஆல்பத்தோட சரிம்மா. அப்புறம் ஒரு தடவைகூட என்னை போட்டோ எடுத்ததில்ல அந்த மனுஷன். இவளை மட்டும் எடுத்து, பெருசாக்கி, ஹால்லயும் படுக்கையறையிலயும் மாட்டணுமாம். அப்படி என்ன அழகு அவ? ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்."

கண் கலங்குவதைப் பார்த்ததும் ஓவியப் பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை.

"பாத்துட்டு சாரை எதுவும் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"என்னையும்."

"காட்டும்மா முதல்ல!"

ஓவியப் பெண் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு, கையை மட்டும் நீட்டி மவுஸை அழுத்தினாள்.

போட்டோ திரை முழுக்க விரிந்தது. சமையலறை வாசலில், புருவம் நெற்றிக்கு ஏற, மூக்கு விடைக்க, விரலை நீட்டிக்கொண்டு தொண்டை தெரியக் கத்திக்கொண்டிருந்தாள், சாட்சாத் தலைமை நர்ஸ்.

"'எப்படியாவது இவளைக் கொஞ்சம் சாந்தமாக்கிக் குடும்மா'ன்னு கெஞ்சினார் மேடம், வேற ஒண்ணும் கேக்கல!"