ரெண்டாவது அணி

“தாயா பிள்ளையா இருந்த சனத்தை ரெண்டாக்கிட்டீங்களே டீச்சர், இது நல்லாவா இருக்கு?”

மலேசியாவில், செரண்டா தோட்டத்து மாரியம்மன் கோயிலின் ஆண்டுக் கூட்டம். செயலாளர் செல்வா எழுந்து நின்று கேட்டதும் அவர் பக்கத்து ஆட்கள் பலமாகக் கை தட்டினார்கள்.

கேட்கமாட்டாரா பின்னே? வருஷா வருஷம் தலைவர் தங்கராஜுவின் பெயரை வாசிப்பார்கள், எல்லோரும் கை தட்டுவார்கள், நேரே சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள். போட்டி என்ற பேச்சே கிடையாது. போன வருஷம்தான் இந்தப் பிரமிளா டீச்சர், கோயில் கூரை வேலையைச் சொந்த மச்சானுக்கு ஏன் கொடுத்தீர்கள் என்று தலைவரையே கேட்டுவிட்டார். அன்றைக்குப் பிடித்தது சனி. இப்போது டீச்சருக்கு ஓர் அணி, அணிக்கு மஞ்சள் டி-சட்டை வேறு!

பிரமிளா இடைநிலைப்பள்ளியில் சரித்திரம் சொல்லிக் கொடுப்பவர். அசரவில்லை.

“அமெரிக்கா சுதந்திரம் வாங்கின புதுசுல அங்கேயும் இதையேதான் சொன்னாங்கண்ணே. கட்சி வந்தா நாடு உடைஞ்சிடும்னு பயந்தாங்க. கடைசியில முதல் ஜனாதிபதியோட மந்திரிங்க ரெண்டு பேரே முட்டிக்கிட்டு, ஆளுக்கொரு கட்சியாயிட்டாங்க. பத்திரிகையில ஒருத்தரை ஒருத்தர் கிழிச்சாங்க. நாடு உடைஞ்சா போச்சு?”

“அமெரிக்காவுல தீமிதி இருக்கா லா?”

செல்வா போட்ட போட்டில் மண்டபமே சிரித்தது.

தங்கராஜு சிரிக்கவில்லை. முட்டி வலி தாங்காமல் இந்த வருஷத்தோடு பதவியை விடுகிறார். அந்த நாற்காலிக்குத்தான் செல்வாவும் பிரமிளாவும் நிற்கிறார்கள்.

கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள். சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினார்கள். இரண்டு பேருக்கும் சரிசமம்!

“சமமா வந்தா தலைவர் ஓட்டுதான் முடிவு. அதான் நம்ம சட்டம்” என்றார் தேர்தலை நடத்திய நாராயணசாமி.

செல்வாவுக்கு உயிர் வந்தது. தலைவர் கிழித்த கோட்டை அவர் தாண்டியதே இல்லை. கூட்டத்துக்குக் கூட்டம் ‘அண்ணன் சொன்னா சரி’ என்று முதலில் எழுந்து நின்றவர் அவர்தானே! ஜெயித்தாயிற்று. மனைவி மோகனாவுக்குக் கண்ணைக் காட்டினார். மோகனா பைக்குள்ளிருந்து மாலையை எடுத்தாள்.

தங்கராஜு மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“என் ஓட்டு டீச்சருக்கு.”

செல்வாவின் முகத்தில் ஈயாடவில்லை.

“அண்ணே! இத்தனை பேர் முன்னால உங்களைத் திருடன் மாதிரி நிக்க வெச்சுக் கேட்டவங்கண்ணே! நான் உங்களை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருப்பேனா?”

“பேசலையே தம்பி. என் மச்சான் போட்ட கூரை முதல் மழைக்கே ஆத்தா தலையில ஒழுகிச்சு. டீச்சர் ஓடி வந்து என் சட்டையைப் பிடிச்சாங்க. நீ பாத்துட்டு, ஓசைப்படாம ஒரு வாளியை வெச்சிட்டுப் போயிட்டே.”