ஒரு செடிக்கு மூன்று பேர்

“இங்க யாருமே இல்ல சார்,” என்றார் கெப்ஹார்ட், கதவைப் பாதி திறந்தபடி.

அந்த யாருமே இல்லாத இடத்தில் இருந்தவர்கள்: ஃபோர்மேன் கெப்ஹார்ட், அளவு சரிபார்க்கும் ட்ராவ்டெ, மின்வேலை பார்க்கும் நெவ்ஸாத். மூவர் கையிலும் எண்ணெய். அவர்களுக்குப் பின்னால், அவசரமாகத் தார்ப்பாய் போர்த்தப்பட்ட ஏதோ ஒன்று.

வாசலில் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஓர் ஆள் நின்றிருந்தார். கையில் குறிப்பேடு.

“மூணு பேர் இருக்கீங்களே?”

“வேலைக்கு யாரும் இல்லன்னு சொன்னேன். குறைநேர வேலை நடக்குது. வெள்ளிக்கிழமை ஃபாக்டரி லீவு.”

“உள்ள வந்து பார்க்கலாமா? நான் யாரு, என்னங்கறத அப்புறம் பேசிக்கலாம். சொல்லாம வந்து பார்த்தாத்தான் உண்மை தெரியும்.”

அவர் உள்ளே வந்ததும் கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது. கெப்ஹார்ட் அவரை ஏற இறங்கப் பார்த்தார். வேலைவாய்ப்பு அலுவலகத்து ஆளேதான். பேச்சும் வடக்கத்திப் பேச்சு. இந்த ஸ்வாபியப் பக்கத்து ஆளே இல்லை.

உலகச் சந்தை படுத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கப்பலேற வேண்டிய இயந்திரங்களை வாங்க நாதியில்லை. ஆட்களைத் துரத்திவிடாதீர்கள் என்று சொல்லி, வேலையில்லாத நாட்களின் சம்பளத்தில் பெரும்பகுதியை பெர்லின் அரசாங்கமே கொடுத்து வந்தது. ஒரே நிபந்தனை, அந்த நாட்களில் எவரும் இயந்திரத்தில் கை வைக்கக் கூடாது. வைத்தது தெரிந்தால் பணம் நிற்கும். பணம் நின்றால் நூற்று முப்பது பேரும் வீட்டுக்கு.

இந்த மூவரும் நான்கு மாதமாக வெள்ளிதோறும் கை வைத்துக்கொண்டிருந்தார்கள். கூலி கிடையாது. ஷாங்காயில் ஆர்டர் தேடி அலையும் முதலாளிக்குக்கூடத் தெரியாது. வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். கெப்ஹார்ட், அடுத்த வீட்டுக்காரியின் முறை வந்த வாரத்திலும் பொதுப் படிக்கட்டைத் தானே பெருக்கிவிட்டு அவளிடம் வசவு வாங்கியவர்.

“லீவு நாள்ல எதுக்கு வந்தீங்க?”

“செடிக்குத் தண்ணி ஊத்த,” என்றார் ட்ராவ்டெ.

“ஒரு செடிக்கு மூணு பேரா?”

“பெரிய செடி சார்,” என்றார் நெவ்ஸாத்.

ஜன்னலோரச் செடி கிறிஸ்துமஸுக்கு முன்பே காய்ந்துபோயிருந்தது. வந்தவர் அதைப் பார்த்தார். பிறகு குனிந்து, தரையை விரலால் தொட்டு முகர்ந்தார்.

“எண்ணெய் புதுசா இருக்கே?”

“தரை துடைச்சோம்.”

“எண்ணெயாலயா?”

“எங்க ஊர்ல அப்படித்தான்,” என்றார் ட்ராவ்டெ. கெப்ஹார்ட் அவரை முறைத்தார்.

“தார்ப்பாய்க்கு அடியில என்ன?”

“பழைய இரும்பு சார். எடைக்குப் போடணும்.”

நெவ்ஸாத் போய் அதன் விளிம்பில் உட்கார்ந்து பையிலிருந்து ப்ரெட்ஸல் ரொட்டியை எடுத்துக் கடித்தார். வந்தவர் விடவில்லை. தார்ப்பாயின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“சூடா இருக்கு.”

“நான் உட்கார்ந்திருக்கேன்ல?”

“இப்பத்தானே உட்கார்ந்தீங்க?”

“எனக்கு உடம்பு கொஞ்சம் சூடு சார்.”

வந்தவர் சிரிக்கவில்லை. கெப்ஹார்ட் பக்கம் திரும்பினார்.

“ஒரே ஒரு மெஷினாவது ஓடற நிலைமையில இருக்கா? யோசிச்சுச் சொல்லுங்க.”

“ஒண்ணுகூட இல்ல.”

“நாளைக்கே ஓட்டிக் காட்டுன்னு சொன்னா?”

“ஓட்டவே மாட்டோம் சார். சத்தியமா.”

வந்தவரின் முகம் தொங்கிப்போனது. கெப்ஹார்ட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. திருடனைப் பிடிக்க வந்தவன், இங்கே திருடனே இல்லை என்று தெரிந்தால் ஏமாந்து போகலாம். துக்கப்படுவானா?

“உங்க கையைப் பார்த்தப்ப வேலை செய்யற ஆளுங்கன்னு நினைச்சேன்,” என்றார் அவர்.

“சேச்சே,” என்றார் கெப்ஹார்ட். முப்பத்தெட்டு வருட வேலையில் அவர் இந்தக் குற்றச்சாட்டை மறுத்தது அதுவே முதல் முறை.

வந்தவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மேசையில் வைத்து அதன் அடியில் ஒரு வரி எழுதினார். உறையில் போட்டு நீட்டினார். “முதலாளி வந்ததும் குடுங்க. அவருக்குப் புரியும்.”

அவர் வெளியேற, கதவு மறுபடியும் தானாகப் பூட்டிக்கொண்டது.

“என்ன ஃபோர்மேனே, இழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி போறான்?” என்றார் நெவ்ஸாத்.

“எப்படியோ போகட்டும். நூத்தி முப்பது பேரைக் காப்பாத்திட்டோம்,” என்றார் ட்ராவ்டெ. “யோவ், தின்னது போதும். எழுந்து அதைப் போடு.”

தார்ப்பாய் விலகியது. நான்கு மாத உழைப்பு பளபளவென்று நின்றது. நெவ்ஸாத் பொத்தானை அழுத்தினார். பற்சக்கரம் தீட்டும் கல் சுழன்று, கூடமே அதிர்ந்தது.

கெப்ஹார்ட்டுக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. நம்மைப் பற்றி என்னதான் எழுதியிருக்கிறான்? சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு, கதவருகே வெளிச்சத்துக்குப் போய் உறையைப் பிரித்தார்.

அது ஷாங்காய்க்குப் போக வேண்டிய நாற்பது பற்சக்கரம் தீட்டும் இயந்திரங்களுக்கான ஆர்டர், ‘ஒன்றாவது ஓடுவதை எங்கள் ஆள் நேரில் பார்த்தால் அங்கேயே கையெழுத்து’ என்ற நிபந்தனையோடு. அதற்குக் கீழே, மை காயாத எழுத்தில்: ‘ஓடும் இயந்திரமும் இல்லை, வேலை செய்யும் ஆளும் இல்லை.’

கெப்ஹார்ட் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார். கார் திருப்பத்தில் மறைந்துகொண்டிருந்தது. அவர் பின்னால் கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொள்ள, உள்ளே இயந்திரம் ஓடிய சத்தத்தில் அவர் தட்டியது யாருக்கும் கேட்கவில்லை.