பிக்கப்பின் அளவு

மலையிலிருந்து பலாப்பழம் இறக்கும் பழைய பிக்கப் வண்டி ஒன்றுக்கு நான்கு டயர்களும் மொட்டையாகிப் போயின. வண்டி உயரமாக, மிடுக்காகத் தெரியவேண்டும் என்று ஆசைப்பட்டார் அதன் சொந்தக்காரர் பொன்னுரங்கம். பெரிய, அகலமான சக்கரங்களை வாங்கிவந்து பட்டறையில் மாட்டச் சொன்னார்.

“இனி நீ யானை மாதிரி நிற்பாய்” என்றது புதிய முன்சக்கரம்.

“நிற்பதற்கா என்னைச் செய்தார்கள்?” என்றது பிக்கப்.

ஸ்டியரிங்கைத் திருப்பியதும் சக்கரம் மட்கார்டில் கரகரவென்று உரசியது.

“மட்கார்டைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் சரியாகிவிடும்ண்ணே” என்றார் மெக்கானிக்.

“நாலு விரல் தகரம்தானே, கொடுத்துவிடேன்” என்றது சக்கரம்.

பிக்கப்புக்கு உடம்பெல்லாம் கொதித்தது. “இருபது வருஷம் மழையும் கல்லடியும் வாங்கிய தகரம் இது. என் அளவுக்கு வருகிறவன் வரட்டும். வந்தவன் அளவுக்கு நான் அறுபட மாட்டேன்.”

வெட்டுவதற்கு முன் ஏற்றத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று பொன்னுரங்கம் ஏறி உட்கார்ந்தார். பாதி ஏற்றத்தில் பிக்கப் எஞ்சினை அணைத்துக்கொண்டது. அவர் மூன்று தடவை கிளப்பினார். மூன்று தடவையும் அணைத்துக்கொண்டது.

வண்டியைப் பின்னோக்கி உருட்டிப் பட்டறைக்கே கொண்டுவந்ததும், “வண்டி ஒத்துக்கலண்ணே. பழைய அளவிலேயே புது டயர் போட்டுடலாம்” என்றார் மெக்கானிக்.

பழைய அளவில் புது டயர்கள் மாட்டியதும், கழற்றிச் சுவரோரம் சாய்த்துவைத்த பெரிய சக்கரம் கேட்டது: “இந்தக் குட்டைக் காலோடு போனால் உன்னை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?”

“யாரும் பார்க்க வேண்டாம். வழியை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லிவிட்டு, பிக்கப் ஒரே மூச்சில் ஏற்றத்தைக் கடந்தது.