சமையலறை ஜன்னல்

"நன்றி சொல்றப்போ அந்த நோலீன் பேரை மட்டும் எடுத்துடாதேடி. அவ மூஞ்சிக்கு நன்றி ஒரு கேடா?"

கேக் தட்டோடு ஊர் ஹாலுக்குள் நுழையும்போதே மேவின் அம்மா மகளிடம் படபடத்தாள்.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. எங்கள் ஊருக்கென்று இருக்கிற ஒரே மேடை அந்த ஹாலில்தான். சாவி, ஹாலைக் காவல் காக்கிற நோலீன் இடுப்பில். பேக்கரி வேலை முடிந்ததும் நடித்துப் பழக இடம் கேட்டு மேவ் போகும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"அஞ்சு மணியோட சரி. கமிட்டி உத்தரவு. நீ மேடையில விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா, இன்ஷூரன்ஸ்காரனுக்கு உங்கப்பனா பதில் சொல்வான்?"

சொல்லிவிட்டு முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவாள்.

அந்த மேவுக்குத்தான் இப்போது சிட்னி நாடகக் கம்பெனியில் கதாநாயகி வேடம். எத்தனையோ பேர் போட்டி போட்டதில், ரொட்டி சுடுகிற எங்கள் பெண் ஜெயித்துவிட்டாள்! காலையில் ரயில். ஆளுக்கொரு தட்டு பலகாரத்தோடு ஊரே வழியனுப்ப வந்துவிட்டது.

கமிட்டித் தலைவர் கீத், மைக் கிடைத்தால் விடுகிற ஆளில்லை.

"மேவ் நம்ம ஹால் வளர்த்த பிள்ளை! கலைன்னு வந்துட்டா கமிட்டி என்னைக்கும் தோள் கொடுக்கும்!"

"என்னைக்குக் கொடுத்தீங்க?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

மேவ் மேடையேறினாள். மாவு பிசைந்துகொண்டே வசனம் பேச விட்ட பேக்கரி முதலாளிக்கு நன்றி சொன்னாள். ஒவ்வொரு நடிப்புத் தேர்வுக்கும் சிட்னி வரை லாரியில் ஏற்றிப்போன அப்பாவுக்குச் சொன்னாள்.

"அம்மா, எனக்கு எதிரா வில்லி வசனம் எல்லாம் நீதான் படிச்சே. நிஜமாவே பயமா இருந்துச்சு."

ஹால் அதிர்ந்தது.

"கடைசியா, நோலீன்."

சமையலறை வாசலில் ஈரத் துண்டோடு நின்ற நோலீன் முறைத்தாள்.

"நீங்க கதவைச் சாத்தினீங்க. நான் சமையலறை ஜன்னல் வழியா ஏறிக் குதிச்சேன். மூணு வருஷமா! அந்த ஜன்னல்ல கீழ்க் கண்ணாடி மட்டும் இருக்கவே இருக்காது. உங்களுக்குத் தெரியாம இந்த மேடையிலதான் நடிக்கக் கத்துக்கிட்டேன். மன்னிச்சுடுங்க."

விசில் பறந்தது. கீத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

"நோலீன்! மூணு வருஷமா ஜன்னல் திறந்து கிடக்கு, உனக்குத் தெரியாதா? அப்புறம் எதுக்கு நீ காவல்? சாவியை எடு இப்படி!"

"வயசாச்சு கீத். கண்ணு தெரியல" என்றாள் நோலீன், சாவியை அவிழ்த்தபடி.

"கண்ணு தெரியலையா?" ஜன்னல் கண்ணாடி மாட்டுகிற டெஸ், வாய் நிறைய கேக்கோடு எழுந்தான். "நான் மாட்டிட்டுப் போனா, அடுத்த நாளே கூப்பிட்டுக் கழட்டச் சொன்னது யாராம்? ஏறுறதுக்கு வெளியில பால் பெட்டி, இறங்குறதுக்கு உள்ளே ஸ்டூல். அதெல்லாம் தானா நடந்து வந்துச்சா?"

"டெஸ், வாயை மூடிக்கிட்டுத் தின்னு!"

மேவ் மேடையிலேயே நின்றுவிட்டாள்.

"அப்போ குளிர்காலத்துல ஹீட்டர்... அணைக்க மறந்துட்டுப் போறீங்கன்னுல்ல நினைச்சேன்?"

நோலீன் துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"கேட்டப்பல்லாம் முடியாதுன்னீங்களே!"

"சரின்னு சொல்லியிருந்தா கமிட்டியில அனுமதி எழுதி வாங்கணும். கீத் கொடுத்திருப்பானா?"

மேவ் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். ஹாலே எழுந்து நின்று கைதட்டியது. மேவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன, எங்களுக்கும்தான். அவள் அம்மா கேக்கில் பெரிய துண்டாக வெட்டி நோலீன் கையில் கொடுத்தாள்.

"கீத், சாவியைப் பத்தி என்னமோ சொன்னீங்களே?" என்றது அதே பின்வரிசைக் குரல்.

கீத் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டிக்கொண்டிருந்தார். "நான்தான் அப்பவே சொன்னேனே, நம்ம ஹால் வளர்த்த பிள்ளைன்னு!"

கூட்டம் கலைந்தது. டெஸ் நோலீன் பக்கம் வந்தான்.

"பொண்ணுதான் கிளம்பிட்டாளே. நாளைக்கு வந்து அந்தக் கண்ணாடியை மாட்டிடட்டுமா?"

நோலீன், கீத் தூரத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அவசரப்படாதே. கறிக்கடை ட்ரெவரோட சின்னப் பொண்ணு இப்பதான் பாட ஆரம்பிச்சிருக்கா."