புளி போட்டுத் துலக்கிய வாள்

பாளையக்காரர் காலத்தை நடித்துக் காட்டும் குழுவின் சனிக்கிழமைப் பயிற்சியில், கோட்டைமேட்டு வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் நால்வர்: இரும்பில் துருநீக்கக் கற்றுக்கொடுத்த பிச்சைக்கனி, வங்கியில் வேலை பார்க்கும் சுந்தரவடிவு, என் மருமகன் தனுஷ்கோடி, நான். மறுநாள் வெள்ளைக்காரக் கும்பினிப் படையோடு நடக்கும் சண்டைக் காட்சியில் எங்கள் குடும்ப வாள்தான் முன்னே செல்வதாக இருந்தது. அதை ஏந்தி இதே கோட்டை வாசலில் கும்பினியாரோடு மோதி உயிர்விட்ட என் பூட்டனைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன்.

"கைப்பிடிகிட்ட மட்டும் தொட்டுறாதீங்க. பூசையில சந்தனம் அப்புற எடம்" என்று சொல்லிவிட்டு, குழுவில் மற்றவர்கள் சிக்கிமுக்கிக் கல்லில் தீ மூட்டுவதைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது சுந்தரவடிவு அந்த இடத்தையும் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கியிருந்தார்.

"கோவிச்சுக்கிடாதீங்க ஐயா. அழுக்கா இருக்கேன்னு தேச்சுட்டேன். உள்ள எழுத்து இருக்கு."

தனுஷ்கோடி குனிந்து, உரக்கப் படித்தார்: "கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட விசுவாசத்துக்காகக் கும்பினியார் கொடுத்தது." அதன் கீழே பூட்டன் பெயர்.

"ஏன் மாமா, இந்தக் கதவா?" என்று பின்னால் இருந்த இடிந்த வாசலைக் காட்டினார்.

"நாளைக்கு நம்ம அட்டைக் கத்தியே போதும் அண்ணாச்சி" என்றார் பிச்சைக்கனி, என் முகத்தைப் பார்க்காமல்.

வாளை வாங்கித் துண்டில் சுற்றினேன்.

அந்த எழுத்து இருப்பதே எனக்குத் தெரியாது, பாவம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். தெரியும். ஆண்டுதோறும் அதன்மேல் சந்தனத்தை அப்பியது நான்தான்.