முன் சீட்டு மனைவி

சோதனை அதிகாரி கையை நீட்டியதும் வேன் நின்றது. நின்ற மாத்திரத்தில் உள்ளே இருந்த அத்தனை பேரும் சொந்தக்காரர்கள் ஆனார்கள்.

சட்டம் அப்படி. அந்தச் சாலையில் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்ற நகராட்சி பஸ்ஸுக்கு மட்டும்தான் உரிமை. சொந்த வேனில் சொந்தபந்தங்களை ஏற்றிக்கொள்ளலாம், தப்பில்லை. இறங்கும்போது அவர்கள் ஏதாவது கொடுத்தால் அது கூலி ஆகாது, அன்பளிப்பு.

பஸ் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. நிறுத்தத்துப் பலகையின் மேல் ஒரு காக்கை கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, குஞ்சுகளும் இறக்கை முளைத்துப் பறந்து போய், வளர்ந்து, தங்கள் பங்குக்குக் கூடு கட்ட அதே பலகைக்குத் திரும்பி வந்த சமயத்தில் ஒருமுறை வந்தது. நிற்கவில்லை. அந்தப் பகுதியில் பஸ்ஸில் ஏற ஆளே இல்லை என்று நகராட்சி வருத்தப்பட்டது.

நகரத்துக்குள்ளேயே குடியிருந்து தொலைக்கலாமே என்றால், அங்கே இரண்டு மாடிக்கு மேல் கட்டக்கூடாது என்று வேறொரு சட்டம். இருக்கிற வீடுகளின் வாடகையைக் கேட்டால் தலை சுற்றும். ஒரு சட்டம் ஆட்களை வெளியே தள்ளியது. இன்னொன்று அவர்களை உள்ளே வர விடாமல் மறித்தது. இரண்டுக்கும் நடுவே கிடைத்த சந்தில் இந்த வேன் ஓடிக்கொண்டிருந்தது.

வேனில் உறவு சீட்டோடு போகும். ஜன்னலோரம் பெரியப்பா. பக்கத்தில் சித்தி. கடைசி வரிசை முழுக்க டிரைவரின் அக்கா பிள்ளைகள். யார் எங்கே உட்கார்ந்தாலும் அந்தச் சீட்டின் முறைதான்.

முன் சீட்டில் உட்காருபவர் டிரைவரின் மனைவி. போன வாரம் ஒருநாள் மீசைக்கார வாட்ச்மேன் அங்கே உட்கார்ந்து வந்தார். அன்றைக்குச் சோதனை இல்லாமல் போனது யார் செய்த புண்ணியமோ.

இன்றைக்கு முன் சீட்டில் கண் ஆஸ்பத்திரிக்காரி இருந்தாள். வருகிறவர்களுக்குச் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடி உட்கார வைப்பது அவள் வேலை. ஆஸ்பத்திரிச் சாவியும் அவளிடம்தான். இன்னொரு தடவை தன்னை வாசலில் காக்க வைத்தால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துகொள்ளலாம் என்று டாக்டர் நேற்றுத்தான் சொல்லியிருந்தார்.

எதிரே, வண்டிகளைக் கட்டி இழுத்துப் போகும் லாரி கொக்கியைத் தொங்கவிட்டபடி நின்றது. அந்தக் கொக்கியில் மாட்டிய வேன் எதுவும் முழுசாகத் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அதிகாரி இந்தச் சாலைக்குப் புதுசு. இளவயது, மடிப்புக் கலையாத சட்டை. அவள் பக்கத்து ஜன்னல் வழியாக டிரைவரைப் பார்த்தார். டிரைவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

"யார் இவங்கல்லாம்?"

டிரைவர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. வழியெல்லாம் வாய் ஓயாத மனிதர் அவர். பெண்டாட்டியின் தம்பியைத் திட்டத் தொடங்கினால் சிகப்பு விளக்குக்குக்கூட நிறுத்த மாட்டார். இன்றைக்குப் பார்த்து நாக்கு ஒட்டிக்கொண்டது.

வேறு வழியில்லை. மனைவி பேசினாள்.

"எல்லாம் எங்க வீட்டு ஆளுங்கதான் சார். இவரு என் வீட்டுக்காரரு. நாலு பேர் முன்னாடி வாயத் திறக்க மாட்டாரு, கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து இதே கதைதான்."

அதிகாரி கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார். வாட்ச்மேனுக்கு இன்றைக்குக் கடைசி வரிசைதான் கிடைத்திருந்தது. அந்த மீசையில் அதிகாரியின் பார்வை வெகு நேரம் தங்கியது.

"என் நாத்தனார் பையன் சார்," என்றாள். "கொஞ்சம் வளந்துட்டான்."

வாட்ச்மேன் தன்னால் முடிந்த அளவு சிறுவனாகக் குனிந்தார்.

அதிகாரியின் கண்கள் சிவந்து நீர் கோத்தன. கண்வலி ஆரம்பிக்கிறது என்று தொழில் பழக்கத்தில் நினைத்துக்கொண்டாள்.

"அவரு பக்கத்துச் சொந்தமாவே இருக்காங்க. உங்களுக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் இல்லையா?"

இதை யாரும் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. அவள் கைவசம் இருந்தது டிரைவரின் அன்றாடப் புலம்பல் ஒன்றுதான். அதையே எடுத்து விட்டாள்.

"ஒரு தம்பி இருக்கான் சார். இருக்கான்னுதான் பேரு. என்னமோ கவர்மென்ட் உத்தியோகமாம், சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கிட்டுத் திரியறான். அக்கா வீட்டுப் பக்கம் தலை வச்சுப் படுக்கறதில்ல. தப்பித் தவறி வந்தாலும் வெறுங்கைய வீசிக்கிட்டு வருவான், மூக்குப் பிடிக்கத் தின்னுட்டுப் போயிடுவான்."

ஹாரன் அலறியது. டிரைவரின் நெற்றி அதன்மேல் கவிழ்ந்திருந்தது.

அதிகாரி சட்டென்று திரும்பிக்கொண்டு இருமினார். தோள் குலுங்கக் குலுங்க இருமினார். பிறகு லாரிக்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"நீங்க கிளம்புங்கண்ணே. எனக்கு நல்லாத் தெரிஞ்ச குடும்பம்தான்."

லாரி கொக்கியைச் சுருட்டிக்கொண்டு போனது. வேனுக்குள் இருந்தவர்கள் ஒன்றாக விட்ட மூச்சில் கண்ணாடியெல்லாம் பனி பிடித்தது. பெரியப்பா சித்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாட்ச்மேன் நிமிர்ந்து மீசையைத் தடவி, தன் வயதுக்குத் திரும்பினார். அவள் கைப்பைக்குள் கையை விட்டுச் சாவியைத் தொட்டுப் பார்த்தாள். டாக்டருக்கு முன்னால் போய்விடலாம்.

டிரைவர் மட்டும் தலையைத் தூக்கவில்லை.

அதிகாரி வண்டியைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் வந்தார். கண்களைத் துடைத்துக்கொண்டு ஜன்னலில் குனிந்தார்.

"போயிட்டு வாங்க அத்தான். ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றேன்னு அக்காகிட்ட சொல்லிடுங்க. கையில ஏதாவது வாங்கிட்டே வர்றேன்."

முன் சீட்டை ஒருமுறை பார்த்தார்.

"இந்த அக்காகிட்ட இல்ல. வீட்ல இருக்கிற அக்காகிட்ட."