காதுக்கவசம்

கைத்துப்பாக்கிப் போட்டிகளில் ஓடியோடிச் சுடும் ஹில்மி, வெடிச்சத்தம் கேட்காதிருக்கப் போடும் காதுக்கவசத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுப் பிலோமினா கைக்குழந்தையுடன் வந்தாள்.

“ஹில்மி நானா, இண்டைக்கு எங்கட கோயில் திருநாள். வெடி போடுவாங்க. இதை ஒருக்கா தருவீங்களா?”

“புள்ளட தலைக்குப் பெரிசா இருக்குமே” என்றபடியே கொடுத்தான்.

மறுநாள் அவன் போட்டிக்குப் புறப்படும்போது அதைக் கொண்டுவந்தாள்.

“புள்ள பயப்படல்லயா?”

“அவள் வெடிக்குக் கைதட்டிச் சிரிச்சாள். நான் கேட்டது புள்ளட அப்பாவுக்கு, நானா. வன்னிச் சண்டையில செல்லடிக்குள்ள இருந்து தப்பி வந்த மனுசன். ஒவ்வொரு திருநாளுக்கும் கட்டிலுக்குக் கீழதான் கிடப்பார். நேத்து இதைப் போட்டுப் புள்ளயத் தூக்கிக்கொண்டு, தேருக்குப் பின்னால சுத்துப்பிரகாரம் முடியுமட்டும் நடந்தார். உங்கட பேரில ஒரு மெழுகுதிரியும் கொளுத்தினார்.”